கதாநாயகியின் சாவுக்கு நாள் குறித்த எழுத்தாளர்… அப்புறம் என்ன நடந்தது தெரியுமா?

பதினோராவது நாவலின் கடைசிப் போரில் கதாநாயகி சாக வேண்டும். எழுத்தாளர் தொடக்கத்திலேயே போட்டு வைத்திருந்த கணக்கு இது! வாசகர்கள் அழுவார்கள், திட்டுவார்கள், அதற்கும் அவர் தயார். அப்புறம் கதை ஒரு தலைமுறை தாண்டும், அவளுடைய பிள்ளைகள் வளர்ந்து புதிய எதிரியோடு மோதுவார்கள். இவ்வளவு பக்காவாகப் போட்ட திட்டம் ஏன் கவிழ்ந்தது தெரியுமா? நண்பர் ஒருவருக்குக் கதையில் ஒரு வில்லன் தேவைப்பட்டதால்!

எழுத்தாளர் டேவிட் வெபர், அமெரிக்கர். கதாநாயகி ஹானர் ஹாரிங்டன், மாண்டிகோர் என்ற விண்வெளி அரசின் கடற்படை அதிகாரி. கடலே இல்லாத இடத்தில் ஏது கடற்படை என்று கேட்காதீர்கள். இந்த வகைக் கதைகளில் விண்வெளிதான் கடல். 1993-இல் ‘ஆன் பசிலிஸ்க் ஸ்டேஷன்’ என்ற முதல் நாவல் வந்தது. 2018-இல் வந்த ‘அன்காம்ப்ரமைசிங் ஹானர்’ வரை முக்கிய வரிசையில் மட்டும் 14 நாவல்கள். கிளைக்கதைகள், முன்கதைகள், சிறுகதைத் தொகுப்புகள் எல்லாம் தனி. ஆனால் இந்தப் புத்தகங்களை விட இவற்றைப் படித்தவர்கள் அடித்துக்கொண்ட சண்டைகள்தான் எனக்கு அதிக சுவாரசியம். ஒரு எச்சரிக்கை: கதையின் முடிச்சுகள் சில இங்கே அவிழும். இனிமேல்தான் படிக்கப் போகிறீர்கள் என்றால் உங்கள் பொறுப்பு!

சரி, அந்த வில்லன் விவகாரம். எரிக் ஃப்ளின்ட் என்ற இன்னொரு எழுத்தாளர் வெபரோடு சேர்ந்து ‘கிரவுன் ஆஃப் ஸ்லேவ்ஸ்’ என்ற கிளை நாவலை எழுதினார். 2003-இல் வெளிவந்தது. மாண்டிகோர் நாட்டு உளவாளி ஒருவர், அதன் பரம எதிரியான ஹேவன் நாட்டு உளவாளி ஒருவர். இருவரையும் ஒரே பக்கம் நிற்க வைக்க வேண்டும் என்றால் இருவருக்கும் பொதுவாக ஒரு பகைவன் வேண்டுமே! மனிதர்களை மரபணு மாற்றி அடிமைகளாக விற்கும் மேசா என்ற உலகம் கைவசம் இருந்தது. அதைக் களத்தில் இறக்கினார்கள். ஆனால் மேசாவின் பெருஞ்சதியை வெபர் அடுத்த தலைமுறைக்கென்று பத்திரப்படுத்தி வைத்திருந்தார். அது சில பத்தாண்டுகள் முன்னதாகவே அவிழ்ந்துவிட்டது. அதை எதிர்கொள்ள வேண்டிய பிள்ளைகளோ இன்னும் பிறக்கவே இல்லை. வேறு வழி? அம்மாவே உயிரோடு இருந்தாக வேண்டும்! 2005-இல் வந்த பதினோராவது நாவலான ‘அட் ஆல் காஸ்ட்ஸ்’ஸின் இறுதிப் போரில் ஹானர் பிழைத்தாள்.

இன்று வரை இதில் வாசகர்கள் இரண்டு கட்சி. அவள் பிழைத்தது நல்லது என்பவர்கள் ஒரு பக்கம். அங்கேயே செத்திருந்தால் தொடர் ஒரு காவியமாக முடிந்திருக்கும், பிழைக்க வைத்ததால்தான் பின்னால் வந்த நாவல்கள் தடுமாறின என்பவர்கள் மறு பக்கம். நான் இரண்டாவது கட்சி. அந்தக் கடைசிப் போரின் கனத்தைப் படித்தவர்களுக்குத் தெரியும், அது ஒரு மரணத்துக்காகவே கட்டப்பட்ட மேடை.

அவள் சாவு ஏன் முதலிலேயே தீர்மானமானது? இதற்கு 1805-க்குப் போக வேண்டும். டிரஃபால்கர் கடற்போரில் பிரிட்டனின் அட்மிரல் நெல்சன் வென்றார், அதே போரில் இறந்தார். ஹானரின் கதை நெல்சனின் அச்சு! நெல்சனுக்கு 1794-இல் கோர்சிகாவின் கால்வி முற்றுகையில் ஒரு கண்ணின் பார்வை போனது, 1797-இல் டெனெரீஃபில் ஒரு கை போனது. ஹானருக்கு? இரண்டாவது நாவலில் ஒரு கண், ஏழாவதில் ஒரு கை! வலது இடது மட்டும்தான் மாறியிருக்கிறது. கடல் வரலாறு தெரிந்த வாசகர்கள் கண் போனபோதே கையை எண்ண ஆரம்பித்துவிட்டார்கள். கையும் போனதும் அடுத்து உயிர்தான் என்று மனத்தைத் தேற்றிக்கொண்டார்கள். தேற்றிக்கொண்டவர்களைத்தான் வெபர் ஏமாற்றினார்.

நெல்சன் பாதி, ஹார்ன்ப்ளோயர் பாதி. சி.எஸ். ஃபாரஸ்டர் 1937-இல் தொடங்கி எழுதிய பாய்மரக் கப்பல் நாவல்களின் நாயகன் ஹொரேஷியோ ஹார்ன்ப்ளோயர். பெயரின் முதலெழுத்துகளைக் கவனியுங்கள், இரண்டும் ஒன்றே. வெபர் இதை ஒளித்து வைக்கவும் இல்லை. முதல் நாவலையே ஃபாரஸ்டருக்குத்தான் காணிக்கை ஆக்கியிருக்கிறார். ஹார்ன்ப்ளோயர் எதிரியிடம் சிக்கி, செத்துவிட்டான் என்று ஊரெல்லாம் நம்பி, பிறகு தப்பி வருவான். ஹானருக்கும் அப்படியே ஒரு கட்டம். எட்டாவது நாவல் தொடங்கும்போது நாடே அவளுக்கு அரசு மரியாதையோடு இறுதி ஊர்வலம் நடத்துகிறது, அவளோ எங்கோ ஒரு சிறைக் கிரகத்தில் எதிரியின் கப்பலைக் கைப்பற்றத் திட்டம் போட்டுக்கொண்டிருக்கிறாள்!

இன்னொன்று: எதிரி நாடான ஹேவனில் பிரெஞ்சுப் புரட்சி அப்படியே நடக்கிறது. பொதுப் பாதுகாப்புக் குழு உண்டு, களையெடுப்புகள் உண்டு. புரட்சித் தலைவரின் பெயர் ராப் எஸ். பியர். வேகமாகச் சொல்லிப் பாருங்கள், ரோபஸ்பியர் வந்து நிற்பார்! இந்தச் சிலேடைக்காக வெபரை இன்னும் மன்னிக்காத வாசகர்கள் உண்டு.

இனி விண்வெளியில் பாய்மரக் கப்பல் சண்டை எப்படிச் சாத்தியம் என்று பாருங்கள். இங்கேதான் வெபரின் மூளை மின்னுகிறது. எல்லாப் பக்கமும் வெளியாக இருக்கிற இடத்தில் இரண்டு கப்பல்கள் ஏன் பக்கவாட்டில் நின்று பீரங்கி அடித்துக்கொள்ள வேண்டும்? அதற்காகவே ஒரு இயற்பியலைக் கட்டினார். கப்பலுக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு ஈர்ப்புத் தகடுகள் ஆப்பு வடிவில் சாய்ந்து நிற்கும். கப்பலை முடுக்குவதும் அவைதான். எந்த ஆயுதமும் அவற்றைத் துளைக்காது. பக்கவாட்டில் ஒரு தடுப்புச் சுவர் உண்டு, ஆனால் அது துளைக்கக்கூடியது. முன்னும் பின்னும் திறந்தே கிடக்கும். ஆகவே அடிக்க வேண்டும் என்றால் பக்கத்தைத் திருப்ப வேண்டும், எதிரியின் மூக்குக்குக் குறுக்கே போனால் வெற்றி. அப்படியே பாய்மரக் காலத்துக் கடற்போர்! விடையைக் கையில் வைத்துக்கொண்டு கணக்கை எழுதியிருக்கிறார் மனிதர். வெபர் அதற்கு முன் ‘ஸ்டார்ஃபயர்’ என்ற விண்வெளிப் போர்ப் பலகை விளையாட்டுக்கு விதிகளும் கதைகளும் எழுதியவர். விதி எழுதிப் பழகிய கை அது.

விதி என்று ஒன்று இருந்தால் அதைச் சோதிப்பவர்கள் வராமல் இருப்பார்களா? பேனாவும் கால்குலேட்டருமாக வந்தார்கள்!

உங்களாலும் முடியும். கதையில் ஒரு ஏவுகணை புவியீர்ப்பைப் போல சுமார் 46,000 மடங்கு முடுக்கத்தில் 180 விநாடி பறக்கிறது. பள்ளிக்கூடத்தில் படித்த சூத்திரம் போதும்: முடுக்கத்தை நேரத்தால் பெருக்குங்கள். விநாடிக்கு ஏறக்குறைய 81,000 கிலோமீட்டர். ஒளியின் வேகத்தில் கால் பங்குக்கும் மேலே! போன தூரம் சுமார் 73 லட்சம் கிலோமீட்டர். அடுத்த வேடிக்கை: பின்னால் வரும் நாவல்களில் மாண்டிகோர் ஒரே ஏவுகணைக்குள் மூன்று உந்திகளை வைக்கிறது. நேரம் மூன்று மடங்கு, தூரம்? மூன்று மடங்கு என்று சொன்னால் தப்பு. ஒன்பது மடங்கு! 6.5 கோடி கிலோமீட்டர். புத்தகத்தில் வெபர் கொடுக்கும் எண்ணும் இதுதான். கணக்கு அச்சாக விழுகிறது.

அதோடு முடியவில்லை. 6.5 கோடி கிலோமீட்டரை ஒளி கடக்கவே மூன்றரை நிமிடத்துக்கு மேல் ஆகும். ஏவுகணைக்கு ‘வலது பக்கம் திரும்பு’ என்று கப்பலில் இருந்து கட்டளை போய்ச் சேர்வதற்குள் எதிரி எங்கேயோ போயிருப்பான். இவ்வளவு தூரத்துக்கு ஏவி என்ன பயன்? இந்தச் சந்தேகத்துக்கு விடையாகத்தான் ‘அட் ஆல் காஸ்ட்ஸ்’ நாவலில் அப்பல்லோ என்ற அமைப்பு வருகிறது. ஏவுகணைக் கூட்டத்துக்கு நடுவே ஒரு தலைமை ஏவுகணை, அதற்கு ஒளியை விட வேகமான தொடர்பு. லோவாட் என்ற இடத்தில் அது முதன்முதலாகப் போரில் இறங்கும் அத்தியாயத்தில் எதிரி அட்மிரலுக்கு என்ன நடக்கிறது என்று புரிவதற்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது. எதிரியின் பார்வையில் படிக்கும்போது வயிற்றைக் கலக்கும்.

ஆனால் இதே அப்பல்லோதான் தொடரைக் கெடுத்தது என்று ஒரு பெருங்கூட்டம் குற்றம் சாட்டுகிறது. முதல் நாவலில் ஒரு சிறிய கப்பல், ஓட்டை ஆயுதங்கள், செத்துப் பிழைக்கும் சண்டை. பன்னிரண்டாவது நாவலான ‘மிஷன் ஆஃப் ஹானரில்’ சோலேரியன் லீக் என்ற பழைய வல்லரசு எழுபதுக்கும் மேற்பட்ட மாபெரும் போர்க்கப்பல்களோடு வருகிறது. எதிரே நிற்கும் மாண்டிகோர் கப்பல்கள் எல்லாம் அவற்றை விட மிகச் சிறியவை. ஆனால் அப்பல்லோ ஏவுகணை மாண்டிகோரிடம்! ஒரு சுற்று அடித்ததும் லீக்கின் படை சரணடைகிறது. அடுத்த நாவலில் 400-க்கும் மேற்பட்ட பெருங்கப்பல்கள் வருகின்றன, அவற்றுக்கும் இதே கதி. ஜெயிப்பது யார் என்று தெரிந்த போரை எத்தனை முறை படிப்பது? இந்தப் புகாரில் நியாயம் இருக்கிறது. அதற்கு ரசிகர்கள் சொல்லும் சமாதானமும் தெரியும்: வரலாற்றில் தொழில்நுட்ப இடைவெளி அப்படித்தான் கொன்றிருக்கிறது, சமபலப் போர்தான் அபூர்வம். வாதம் சரிதான். நாவல் சுவாரசியமாக இருக்க அது போதுமா என்பது வேறு கேள்வி.

கால்குலேட்டர் கூட்டத்தின் மகத்தான வெற்றி எது தெரியுமா? எழுத்தாளரையே தன் கப்பல்களைச் சுருக்க வைத்தது!

வெபர் தன் போர்க்கப்பல்களுக்கு எடையும் கொடுத்திருந்தார், நீள அகலமும் கொடுத்திருந்தார். ஒரு பெருங்கப்பல் 80 லட்சம் டன். இரண்டாம் உலகப் போரில் ஜப்பான் கட்டிய யமாட்டோ, மனிதன் கட்டிய பீரங்கிப் போர்க்கப்பல்களிலேயே பெரியது, முழு எடையில் சுமார் 72,000 டன்தான். அதைப் போல நூறுக்கு மேல்! கேட்கவே மலைப்பாக இருக்கிறது அல்லவா? ஆனால் கொடுத்த நீள அகலத்தைப் பெருக்கிக் கொள்ளளவு கண்டுபிடித்து, எடையை அதனால் வகுத்துப் பார்த்தார்கள் வாசகர்கள். ஒரு கன மீட்டர் தண்ணீர் 1,000 கிலோ. கவசம் போர்த்திய போர்க்கப்பல் அதற்குப் பக்கத்திலாவது வர வேண்டாமா? வரவில்லை. எங்கேயோ காற்றுக்குப் பக்கத்தில் போய் நின்றது! சுருட்டுப் புகையால் கட்டிய கப்பல் என்று கேலி கிளம்பியது. கடைசியில் எடையை அப்படியே வைத்துவிட்டு நீள அகலங்கள் திருத்தப்பட்டன. பக்கங்களைப் பாதியாக்கினால் கொள்ளளவு எட்டில் ஒன்றாகிவிடும், அடர்த்தி எட்டு மடங்காகிவிடும், ஆகவே சுருக்குவது சுலபமான வைத்தியம்தான். ரசிகர்கள் இந்த நிகழ்வுக்குப் பெயரே வைத்துவிட்டார்கள்: ‘மாபெரும் அளவு மாற்றம்’. 

இதை விட வியப்பு, குறை சொன்ன இந்த வகை ஆட்களே பிறகு ஆலோசகர்கள் ஆனார்கள். ‘ப்யூநைன்’ என்ற பெயரில் இயங்கும் குழு வெபரோடு சேர்ந்து உழைத்ததன் பலன் 2013-இல் ‘ஹவுஸ் ஆஃப் ஸ்டீல்’ என்ற கையேடாக வந்தது. கப்பல் வகைகள், அரச வம்சம், படைப் பதவிகள், பதக்கங்கள், எல்லாம் அதில் உண்டு. இல்லாத ஒரு கடற்படைக்கு இவ்வளவு ஆவணமா!

இல்லாத கடற்படை என்றா சொன்னேன்? அதில் சேரவும் செய்யலாம்! ‘தி ராயல் மாண்டிகோரன் நேவி’ என்ற அதிகாரபூர்வ ரசிகர் சங்கம் இருக்கிறது. கிளைகள் ஒவ்வொன்றும் ஒரு ‘கப்பல்’. உறுப்பினர்களுக்குப் பதவி உண்டு, சீருடை உண்டு, பதவி உயர்வுக்குத் தேர்வும் உண்டு. நிஜமான தேர்வு, பாடத்திட்டத்தோடு! கதையில் வரும் சகனாமி தீவு அகாடமியின் பெயரில் நடத்துகிறார்கள்.

சண்டைகளை விட்டுவிட்டு எழுத்துக்கு வருவோம். முதல் நாவலின் உச்சக்கட்டம். ஹானரின் சிறிய குரூசர், வணிகக் கப்பல் வேடம் போட்ட எதிரியின் பெரிய கப்பலைத் துரத்துகிறது. ஆட்கள் சாகப் போகிறார்கள் என்று தெரியும். ஒவ்வொரு பக்கமும் இதயம் தொண்டைக்கு வருகிறது. அங்கே நிறுத்துகிறார் வெபர். நிறுத்திவிட்டு, ஒளியை விட வேகமாகப் பயணிக்கும் தொழில்நுட்பம் எப்போது கண்டுபிடிக்கப்பட்டது, யார் மேம்படுத்தினார்கள், எத்தனை கப்பல்கள் தொலைந்தன என்று பக்கம் பக்கமாகப் பாடம் எடுக்கிறார்! உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தின் கடைசி ஓவரில், கடைசிப் பந்துக்கு முன்னால் விளம்பர இடைவேளை விட்டது போல. இந்த ஒரு இடத்தைப் பற்றி முப்பது ஆண்டுகளாக வாசகர்கள் பேசிக்கொண்டிருக்கிறார்கள். திட்டித் தீர்க்கிறவர்களே அதிகம். ஆனால் ஒரு சிறுபான்மை உண்டு: அந்தத் துரத்தல் மணிக்கணக்காக நடப்பது, கப்பலில் இருப்பவர்களும் காத்திருக்கத்தான் வேண்டும், ஆகவே நாமும் காத்திருந்தால் என்ன என்பார்கள். சாமர்த்தியமான வாதம்தான்! நான் அந்தப் பக்கங்களைத் தாண்டிப் போகிற ஜாதி.

பின்னால் வந்த நாவல்களில் பேச்சு பெருத்தது, கூட்டங்கள் பெருத்தன. ஒரு அறையில் பத்து அதிகாரிகள் உட்கார்ந்து, வாசகனுக்கு ஏற்கெனவே தெரிந்ததை ஒருவருக்கொருவர் விளக்குவார்கள். பிறகு இன்னொரு நாட்டில் இன்னொரு அறையில் இன்னும் பத்து பேர் அதையே பேசுவார்கள். இதற்கு வாசகர்கள் கண்டுபிடித்த காரணம் என்ன தெரியுமா? மணிக்கட்டு! வெபருக்கு மணிக்கட்டு உடைந்தது. தட்டச்சு செய்ய முடியாமல், வாயால் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்ளும் மென்பொருளுக்கு மாறினார். அதற்குப் பிறகுதான் வசனங்கள் நீண்டன என்று பலர் அடித்துச் சொல்கிறார்கள். எழுத்தாளரின் எலும்பு முறிவை வைத்து நடை ஆய்வு செய்த வாசகர்கள் வேறெங்காவது உண்டா, சொல்லுங்கள்!

விண்வெளிப் போர்த் தொடரில் பலருக்கும் மிகப் பிடித்த நாவலில் விண்வெளிப் போரே கிட்டத்தட்ட கிடையாது. நம்ப முடிகிறதா? நான்காவது நாவலான ‘ஃபீல்ட் ஆஃப் டிஸ்ஹானர்’, 1994. தொடக்கத்தில் ஒரு ராணுவ நீதிமன்ற விசாரணை. குற்றவாளிக் கூண்டில் பாவெல் யங், போர்க்களத்தில் இருந்து ஓடிய பிரபு மகன், மாணவப் பருவத்திலேயே ஹானரை வல்லுறவுக்கு உட்படுத்த முயன்று அவளிடம் அடிவாங்கியவன். அரசியல் செல்வாக்கால் மரண தண்டனையில் இருந்து தப்புகிறான், பதவி மட்டும் போகிறது. ஹானரின் காதலன் பால் டாங்கர்ஸ்லியை ஒரு கூலித் துப்பாக்கிக்காரன் வம்புக்கு இழுத்து, சட்டம் அனுமதிக்கும் ஒற்றைக்கு ஒற்றைச் சண்டையில் சுட்டுக் கொல்கிறான். காசு கொடுத்தது யங்.

அப்புறம் ஹானர் கிளம்புகிறாள். கூலிக்காரன் முதலில். கிழக்கு வெளுக்காத நேரத்துப் புல்வெளி, அளந்த அடிகள், நடுவர்கள். அவன் கை உயர்வதற்குள் அவள் இடுப்பு உயரத்தில் இருந்தே சுட்டு முடித்துவிடுகிறாள். அதன் பிறகு யங். அவன் சுழன்று திரும்ப வேண்டிய நேரத்துக்கு முன்பே திரும்பி, முதுகில் சுடுகிறான்! விழுந்த இடத்தில் இருந்து அவள் திருப்பிச் சுடுகிறாள். லட்சம் டன் கப்பல்கள் எதுவும் வேண்டியிருக்கவில்லை, இரண்டு கைத்துப்பாக்கிகள் போதுமாக இருந்தன. ‘இதைப் படித்த இரவு தூங்கவில்லை’ என்கிற வாசகர்களும் உண்டு, ‘இதென்ன, கப்பலைக் காணோமே’ என்று புத்தகத்தை மூடியவர்களும் உண்டு. என்னைக் கேட்டால், தொடரில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள் என்றால் இதைத்தான் எடுப்பேன்.

இந்த ஹானர் எல்லாவற்றிலும் ஜெயிக்கிறாளே, இவளுக்குக் குறையே கிடையாதா? வாசகர்களின் மிகப் பழைய புகார் இது. சாதாரண மருத்துவர் வீட்டுப் பெண். போகப் போக ஒரு நாட்டில் டச்சஸ், கிரேசன் என்ற இன்னொரு கிரகத்தில் ஒரு பிரதேசத்தின் ஆட்சியாளர், இரண்டு கடற்படைகளில் அட்மிரல், பெரும் பணக்காரி, வாள் வீச்சில் தேர்ந்தவள். போதாததற்கு, நிமிட்ஸ் என்ற ஆறு கால் மரப்பூனையின் பிணைப்பால் எதிரே இருப்பவரின் உணர்ச்சிகளையும் படிக்கிறாள்! எதிர்க்கட்சி இதற்கு நீட்டும் பட்டியல் வேறு: கண், கை, காதலன், கூடவே இருந்த மெய்க்காவலர்கள். ‘மிஷன் ஆஃப் ஹானரில்’ வானில் சிதறிய விண்வெளி நிலையத்தின் துண்டுகள் ஒரு நகரத்தின் மேல் விழுந்து, அவள் உறவினர் கூட்டமே அழிகிறது. வாங்கியதற்கு விலை கொடுத்துவிட்டாள் என்பது அவர்கள் கட்சி.

கிரேசன் என்றேனே, அந்தக் கிரகத்தின் மண்ணே விஷம்! கன உலோகங்கள் நிறைந்த நிலம். அங்கே குடியேறிய மதக் குழுவினர் பயிரில் பெரும்பகுதியை விண்வெளியில் மிதக்கும் பண்ணைகளில் விளைவிக்கிறார்கள். ஆண் குழந்தைகள் குறைவாகப் பிறப்பதால் பலதார மணம். பெண் அதிகாரியைப் பார்த்தறியாத அந்தச் சமூகத்துக்குப் பெண் கேப்டன் போய் இறங்கும் ‘தி ஹானர் ஆஃப் தி க்வீன்’ இரண்டாவது நாவல். தொடர் இங்கேதான் உண்மையில் தொடங்குகிறது என்று சொல்பவர்கள் ஏராளம்.

அதே நாவலில் எதிரித் தரப்பில் ஒரு சின்ன அதிகாரி வருகிறார், தாமஸ் தீஸ்மன். கௌரவமான மனிதர், அவ்வளவுதான். ஏழு நாவல் கழித்து, 2000-இல் வந்த ‘ஆஷஸ் ஆஃப் விக்டரி’யில், இதே தீஸ்மன் தன் நாட்டின் கொடுங்கோலனை நேருக்கு நேர் சுட்டுவிட்டுக் குடியரசை மீட்கிறார்! அந்த இடத்தில் கைதட்டாத வாசகரே இல்லை என்று சொல்லலாம். அதற்குப் பிறகு மாண்டிகோரும் ஹேவனும் மறுபடி மோதும்போது எந்தப் பக்கம் ஜெயிக்க வேண்டும் என்று தெரியாமல் பலர் திண்டாடினார்கள். வெபரின் ஆகப் பெரிய சாதனையாக நான் நினைப்பது ஏவுகணை அல்ல, இந்தத் திண்டாட்டம்தான்.

வியாபாரக் கதையும் விசித்திரம். இந்தத் தொடரை வெளியிடும் பேன் புக்ஸ் பதிப்பகம் 2000-இலேயே தன் புத்தகங்கள் சிலவற்றை மின்வடிவில் இலவசமாகக் கொடுக்க ஆரம்பித்தது. யோசனையை முன்னின்று நடத்தியவர் யார்? அதே எரிக் ஃப்ளின்ட்! ஹானரின் முதல் நாவலும் பல ஆண்டுகள் அப்படி இலவசமாகக் கிடைத்தது. 2002-இல் பத்தாவது நாவல் கெட்டி அட்டையில் வந்தபோது கூடவே ஒரு சி.டி. அதில் முந்தைய நாவல்கள் எல்லாம்! நகலெடுத்து யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம், விற்க மட்டும் கூடாது. ஊரெல்லாம் திருட்டு நகலுக்குப் பயந்துகொண்டிருந்த காலம் அது. ஒரு பக்கம் இலவசம், இன்னொரு பக்கம் இதே பதிப்பகம் மெய்ப்புப் பார்க்காத பிரதியை, புத்தகம் வருவதற்குச் சில மாதங்களுக்கு முன்பே, 15 டாலருக்கு விற்றது. எழுத்துப் பிழைகளோடு, அதிக விலையில்! அதையும் வாங்கினார்கள். வாங்கிப் பிழைகளைப் பட்டியல் போட்டார்கள்.

புலம்பல்களின் உச்சம் 2016-இல் வந்த ‘ஷேடோ ஆஃப் விக்டரி’. முந்தைய நாவல்களில் பார்த்த அதே காலத்தை, பார்த்த நிகழ்ச்சிகளை, வேறு கோணத்தில் மறுபடி சொல்கிறது. கூடவே பல கிரகங்களில் பல கிளர்ச்சிகள், செக் நாட்டுப் பெயர்களும் போலந்துப் பெயர்களுமாக நூற்றுக்கணக்கான பாத்திரங்கள். யார் எந்தக் கிரகம் என்று தாளில் குறித்துவைத்துப் படித்தோம் என்றார்கள் வாசகர்கள். பாதியில் விட்டோம் என்றவர்களும் உண்டு. 2024-இல் வந்த ‘டோல் ஆஃப் ஹானர்’ இன்னும் ஒரு படி மேலே போய், முப்பது ஆண்டுக்கு முந்தைய ‘ஃபீல்ட் ஆஃப் டிஸ்ஹானர்’ காலத்துக்கே திரும்பிச் சென்றது.

அப்படியானால் எங்கே தொடங்கி எங்கே நிறுத்துவது? இதுதான் இப்போது நடக்கும் பெரிய பஞ்சாயத்து. வெளிவந்த வரிசையில் படி என்பது பெரும்பான்மை. 2003-க்குப் பிறகு மூன்று கிளைகள் ஒரே காலத்தில் ஓடுவதால் கதை நடக்கும் வரிசையில், அத்தியாயம் அத்தியாயமாகக் கோத்துப் படி என்று அட்டவணை போட்டுத் தருகிறவர்களும் இருக்கிறார்கள்! நிறுத்தும் இடத்துக்கு இரண்டு பரிந்துரைகள்: ஒன்பதாவதோடு நிறுத்து, போர் ஒருவாறு முடிந்த உணர்வு வரும். அல்லது பதினொன்றோடு நிறுத்து. பத்தாவதான ‘வார் ஆஃப் ஹானரில்’ முட்டாள் பிரதமர் ஒருவரின் அரசியலைப் பல நூறு பக்கம் பொறுத்துக்கொள்ள வேண்டியிருக்கும். அதைத் தாண்டினால்தான் லோவாட் கிடைக்கும். எனக்கு லோவாட் வேண்டும், ஆகவே நான் பதினொன்று என்பேன்.